திருச்செந்தூர் பாராளுமன்றத் தொகுதி: ஓட்டும் தண்ணீரும்

நம் கல்லூரியில் இப்போது படிக்கிற தம்பி தங்கைகளிடம் "திருச்செந்தூர் பாராளுமன்றத் தொகுதி" என்று சொல்லிப் பாருங்கள். "சட்டமன்றத் தொகுதின்னு சொல்லுங்க அண்ணே, பாராளுமன்றத்துக்குத் தூத்துக்குடில்லா" என்று திருத்துவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. 1957 தேர்தலில் தொடங்கி 2004 தேர்தல் வரை பதின்மூன்று பொதுத் தேர்தலையும் ஓர் இடைத்தேர்தலையும் கண்ட அந்தத் தொகுதி, 2008 மறுசீரமைப்பில் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. நான் போட்ட முதல் பாராளுமன்ற ஓட்டே 2009இல்தான். அதற்குள் பெயர் மாறிவிட்டது. எங்கள் அப்பாவும் தாத்தாவும் ஆயுள் பூராவும் ஓட்டுப் போட்ட தொகுதியில் எனக்கு ஒரு ஓட்டு கூடப் போடக் கொடுத்துவைக்கவில்லை.

மலர்க் குழு நண்பர்கள் "இந்தத் தடவை நம்ம ஊர் வரலாறு ஏதாவது எழுதுங்க" என்று கேட்டார்கள். வ.உ.சி.யின் கப்பலும் முத்துக்குளிப்பும் எல்லா மலரிலும் வந்துவிட்டன. ஆகவே இந்தத் தொகுதியின் கதையை எடுத்துக்கொண்டேன். நான் சிவில் படித்தவன், கால்வாய் வரைபடங்களோடு பிழைப்பு நடத்துகிறவன். அதனால் என் பார்வை கட்சிக் கொடியைவிடத் தண்ணீர்ப் பக்கம் அதிகம் சாயும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைசிக் காலத்து எல்லைப்படி ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடக்கம்: தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர், சாத்தான்குளம், நாங்குநேரி, ராதாபுரம். வடக்கே தூத்துக்குடித் துறைமுகம், தெற்கே கூடங்குளம், கூத்தங்குழி. கடற்கரையை ஒட்டியே போனால் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. 1986 அக்டோபரில் நெல்லை மாவட்டத்தைப் பிரித்துச் சிதம்பரனார் மாவட்டம் (இப்போதைய தூத்துக்குடி மாவட்டம்) உண்டாக்கிய பிறகு, ஒரே எம்.பி. இரண்டு கலெக்டர் ஆபீஸ் படியேற வேண்டிய நிலைமை.

இந்த ஆறும் ஒரே மாதிரி மண் அல்ல. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைகிறது. ஏரல், ஆழ்வார்திருநகரி, ஆத்தூர்ப் பக்கம் போனால் கண்ணுக்குக் குளிர்ச்சி. அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தெற்கே வந்தால் உடன்குடி, சாத்தான்குளம். செம்மண் தேரி, பனங்காடு, கருப்பட்டி, மழை பெய்தால்தான் குளம். நாங்குநேரி முழுக்க மானாவாரிக் குளங்கள். கடற்கரையில் புன்னைக்காயல், மணப்பாடு, பெரியதாழை, உவரி, இடிந்தகரை என்று வரிசையாக மீனவர் ஊர்கள். நடுவே காயல்பட்டினம். வடகோடியில் உப்பளமும் துறைமுகமும் ஆலைகளுமாகத் தூத்துக்குடி. இத்தனையையும் ஒரு கோட்டுக்குள் அடைத்து, முருகன் கோயில் இருக்கிற ஊரின் பெயரை வைத்தார்கள்.

கோடு போடுவதற்கு முந்திய அரசியலும் உண்டு. 1942 செப்டம்பரில் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் லோன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டார். அந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை குறைக்கப்பட்டு, இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். குலசை தசராவுக்கு வேஷம் கட்டிப் போகிற நம் பையன்களில் எத்தனை பேருக்கு அந்த உப்பளம் எங்கே என்று தெரியும்? காங்கிரஸ் இந்தப் பக்கத்தில் வேர் பிடித்தது அந்தக் காலத்தில்தான்.

முதல் தேர்தலான 1952இல் திருச்செந்தூர் என்ற பெயரில் பாராளுமன்றத் தொகுதி கிடையாது. ஸ்ரீவைகுண்டம் என்று இருந்தது. காங்கிரசின் ஏ.வி. தாமஸ் வென்றார். 1957இல்தான் திருச்செந்தூர் என்ற பெயர் வருகிறது. அப்போது வென்றவர் காங்கிரசின் டி. கணபதி.

அதே காலத்தில் சட்டமன்றப் பக்கம் ஒரு தனிக் குரல் கேட்டது. காயாமொழியில் பிறந்து, லண்டனில் பாரிஸ்டர் படித்து, 1942இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் 1952இல் திருச்செந்தூர் சட்டமன்றத் தொகுதியில் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி சார்பில் வென்றார். 1957இல் சாத்தான்குளத்தில் சுயேச்சையாக வென்றார். 1958இல் 'நாம் தமிழர்' இயக்கம் கண்டார். 1962இல் தோற்றார். 1967இல் தி.மு.க. அணியில் ஸ்ரீவைகுண்டத்தில் வென்று சட்டமன்றத்தின் சபாநாயகர் ஆனார். சபை கூடும்போது திருக்குறள் வாசிக்கிற வழக்கம் அவர் நாளில் வந்தது. காங்கிரஸ் கோட்டை என்று பேர் வாங்கிய பிரதேசத்தில் அந்தக் கட்சியை எதிர்த்தும் ஒருவர் தனியாக நின்று ஜெயிக்க முடிந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டே விழாத தேர்தல்

இந்தத் தொகுதியின் வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்த வருஷம் 1962. அந்தத் தேர்தலில் திருச்செந்தூரில் பாராளுமன்றத்துக்கு ஒரு ஓட்டு கூடப் பதிவாகவில்லை. காங்கிரஸ் வேட்பாளர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

டி.டி.கே. சென்னைக்காரர், பெரிய வியாபாரி. பிரஸ்டீஜ் குக்கரில் நம் வீட்டுப் பெண்கள் தினமும் பார்க்கிற அந்த மூன்றெழுத்து அவர் பேர்தான். 1956 முதல் நேருவின் நிதி மந்திரி. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்கிற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில் போன விவகாரத்தைப் பாராளுமன்றத்தில் கிளப்பியவர் நேருவின் மருமகன் பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். அப்படிப் பதவி இழந்தவர் மறுபடி டெல்லிக்குப் போக வழி கொடுத்தது நம்ம தொகுதி. 1952இல் சென்னை, 1957இல் தென் சென்னை என்று நின்றவர், 1962இல் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இங்கே வந்தார். அப்போது மாநிலத்தில் காமராஜர் முதலமைச்சர். இந்தப் பக்கத்தில் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பைப் பெரியவர்களிடம் கேட்டால் தெரியும்.

இளைய மாணவர்களுக்குப் புரிய ஒரு ஒப்பீடு: 2024இல் குஜராத்தின் சூரத் தொகுதியில் போட்டியின்றி ஒருவர் எம்.பி. ஆனபோது டெலிவிஷனில் நாள் கணக்கில் விவாதம் நடந்தது. திருச்செந்தூரில் அது அறுபத்திரண்டு வருஷம் முந்தியே நடந்துவிட்டது.

அதனால் தொகுதிக்கு லாபமா நஷ்டமா? டி.டி.கே. அந்த வருஷமே மந்திரிசபைக்குத் திரும்பினார். சீன யுத்த காலத்தில் பொருளாதார, ராணுவ ஒருங்கிணைப்பு இலாகா அவரிடம் இருந்தது. 1963 ஆகஸ்டில் மறுபடி நிதி மந்திரி. 1965 கடைசி நாள்வரை அந்தப் பதவியில் இருந்தார். தூத்துக்குடியில் எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற ஆழ்கடல் துறைமுகம் கட்ட மத்திய அரசு அனுமதி தந்ததும் 1963இல்தான். அது நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974 ஜூலையில். துறைமுகத்துக்கு அவர்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தூத்துக்குடிக்காரர்கள் அதைக் கேட்டுப் போராடியது அதற்கு வெகு காலம் முந்தி. ஆனால் அந்த வருஷங்களில் நம் எம்.பி. மந்திரிசபைக்குள் இருந்தார் என்பது உண்மை. 1961இல் தூத்துக்குடிக் கடலில் அரசாங்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது. முத்து போய்த் துறைமுகம் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வராதவரிடம் எதைக் கேட்பது? எங்கள் தாத்தா ஒரு வரியில் முடித்துவிடுவார்: "ஏலே மக்கா, அவரு பெரிய மனுசருதான். ஆனா நம்ம குளம் எங்க கிடக்குன்னு அவருக்கு யாரு காட்டுனா?"

1967உம் அதற்குப் பிறகும்

போட்டியில்லாமல் ஜெயித்த கட்சி ஐந்தே வருஷத்தில் அங்கே தோற்றது. இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசிப் பஞ்சமும் சேர்ந்த 1967 தேர்தலில் தி.மு.க.வோடு கூட்டு வைத்த ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்குத் திருச்செந்தூர் ஒதுக்கப்பட்டது. நட்சத்திரச் சின்னத்தில் நின்ற டாக்டர் சந்தோஷம் வென்றார். விருதுநகரில் காமராஜரே தோற்ற வருஷம் அது. 1971இல் தி.மு.க.வே நேரடியாக நின்று எம்.எஸ். சிவசாமி வென்றார். அதோடு சரி. அடுத்து தி.மு.க. இந்தத் தொகுதியைப் பிடிக்க 1999வரை, இருபத்தெட்டு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இடையில் நின்றவர் கே.டி. கோசல்ராம்.

ஆறுமுகநேரிக்காரர், சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். 1977இல் அவர் எம்.ஜி.ஆர். கூட்டணியில் வென்றார். 1980 ஜனவரியில் காங்கிரஸ் கலைஞரோடு சேர்ந்தது, அப்போதும் வென்றார். 1984இல் மறுபடி எம்.ஜி.ஆர். பக்கம், மறுபடி வெற்றி. கூட்டணி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆள் மாறவில்லை. இதைக் கட்சி பலம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. காரணம் மணிமுத்தாறு.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மாஞ்சோலைக்குக் கீழே, 118 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்குகிற அந்த அணை 1958இல் முடிந்தது. தாமிரபரணியில் சேர்ந்து வெள்ளமாகக் கடலுக்குப் போன உபநதித் தண்ணீரைப் பிடித்து, ஆற்றுப் பாசனம் எட்டாத வறண்ட நிலத்துக்குத் திருப்புவது திட்டம். பிரதானக் கால்வாயை நான்கு 'ரீச்' என்று பிரித்திருக்கிறார்கள். பின்னால் வரும் ரீச்சுகளின் குளங்கள்தான் நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துக் குளங்கள். கட்டியது காமராஜர் ஆட்சி. அதைக் கேட்டு, ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் பணம் திரட்டி, விடாமல் அலைந்தவர் கோசல்ராம் என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு. நான் பார்த்தவரை, அவரைப் பற்றிப் பேசுகிற எந்தப் பெரியவரும் அவர் பாராளுமன்றத்தில் பேசியதைச் சொல்வதில்லை. மணிமுத்தாற்றைத்தான் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு எஞ்சினியராக ஒரு வார்த்தை. கால்வாயின் தலைப்பகுதியில் இருப்பவனுக்கு மடை திறந்த அன்றே தண்ணீர். வால்பகுதியில் இருப்பவனுக்கு மேலே உள்ளவனெல்லாம் குடித்து மிஞ்சியது. எத்தனை கன அடி திறந்தார்கள் என்ற கணக்கு பேப்பரில் வரும். கடைசிக் குளத்துக்கு எத்தனை நாளில் வந்தது என்ற கணக்கு வராது. ஆகவே வால்பகுதிக்காரனுக்கு ஒரு ஆள் தேவை. அணையில் நீர்மட்டம் குறைவாக இருக்கிற வருஷம், "இந்தத் தடவை எங்களுக்கு முறை" என்று அதிகாரி மேஜை முன்னால் நின்று சொல்ல ஒரு ஆள். மருதூர் மேலக்காலிலிருந்து சடையநேரிக் கால்வாய் வழியாகச் சாத்தான்குளம், உடன்குடிக் குளங்களுக்கு வருகிற தண்ணீருக்கும் இதே கதைதான். பாசனம் மாநில அரசின் இலாகா, எம்.பி.க்கு அதில் நேரடி அதிகாரம் ஏதும் இல்லை. இருந்தும் எங்கள் ஊரில் மனு எழுதினால் முதல் நகல் எம்.பி.க்குத்தான். ஏனென்றால் நாங்குநேரி முதல் திருச்செந்தூர்வரை வறண்ட குளங்கள் அத்தனைக்கும் பொதுவான பிரதிநிதி அவர் ஒருவர்தான்.

கோசல்ராம் 1985இல் காலமானார். இடைத்தேர்தலில் காங்கிரசின் தனுஷ்கோடி ஆதித்தன் வந்தார். 1989, 1991 தேர்தல்களிலும் கை சின்னத்தில் வென்றார். 1996இல் மூப்பனாரின் த.மா.கா. பிறந்தபோது சைக்கிள் ஏறி நான்காவது முறையும் வென்றார், மத்தியில் ராஜாங்க மந்திரியும் ஆனார். ஆகக் கூடி, பதின்மூன்று பொதுத் தேர்தலில் காங்கிரஸ் ஏழு, த.மா.கா. ஒன்று, சுதந்திரா ஒன்று, தி.மு.க. மூன்று, அ.தி.மு.க. ஒன்று. தமிழ்நாடே திராவிடக் கட்சிகளின் கையில் இருந்த காலத்தில் இந்தக் கணக்கு கொஞ்சம் விசித்திரம்தான். அதற்காக மக்கள் டெல்லிக்கு ஒரு மாதிரியும் சென்னைக்கு ஒரு மாதிரியும் ஓட்டுப் போட்டார்கள் என்று பெரிதாக வியாக்கியானம் செய்ய வேண்டாம். கூட்டணிப் பேச்சில் இந்தத் தொகுதியைக் காங்கிரசுக்கு விட்டுக்கொடுத்துவிடுவது இரண்டு கழகங்களுக்கும் பழகிப்போன விஷயம்.

கோயிலும் வேலும்

சட்டமன்றப் பக்கத்தில்தான் சூடு அதிகம். 1980 நவம்பரில் திருச்செந்தூர் கோயிலுக்கு உண்டியல் சரிபார்ப்பு வேலையாக வந்திருந்த அறநிலையத் துறை அதிகாரி சுப்பிரமணிய பிள்ளை கோயில் விடுதியில் பிணமாகக் கிடந்தார். தற்கொலையா கொலையா என்று நாடே பேசியது. காணிக்கையாக வந்த வைர வேல் எங்கே என்ற கேள்வியும் கூடவே கிளம்பியது. எம்.ஜி.ஆர். அரசு நீதிபதி பால் தலைமையில் கமிஷன் வைத்தது. கமிஷனின் அறிக்கையை அரசு வெளியிடத் தாமதிக்க, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கலைஞர் அதை வெளியிட்டார். 1982 பிப்ரவரியில் நீதி கேட்டு மதுரையிலிருந்து திருச்செந்தூர்வரை சுமார் இருநூறு கிலோமீட்டர் நடந்தார். கால் கொப்புளத்தோடு அவர் ஊருக்குள் வந்த காட்சியை இன்றும் சொல்லுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். கடவுள் இல்லை என்று சொல்கிற கட்சியின் தலைவர் முருகனின் வேலுக்காக நடந்தார் என்பதில் ஊருக்கு ஒரு வேடிக்கை, ஒரு பெருமை.

அடுத்த வருஷமே திருச்செந்தூர் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். இத்தனை பெரிய நடைக்குப் பிறகும் 1983இல் வென்றது அ.தி.மு.க. அந்த இடைத்தேர்தலுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளராகப் புதிதாக நியமிக்கப்பட்ட ஜெயலலிதா தெருத்தெருவாக ஓட்டுக் கேட்ட முதல் தேர்தல் களம் திருச்செந்தூர்தான். கூட்டம் நடிகையைப் பார்க்க வந்தது என்றார்கள். பார்க்க வந்த கூட்டம் ஓட்டும் போட்டுவிட்டுப் போனது. தமிழ்நாட்டை ஆண்ட ஒருவரின் தேர்தல் பாடம் நம்ம ஊர்த் தெருவில் ஆரம்பித்திருக்கிறது.

1989இல் 'தினகரன்' நாளிதழைத் தொடங்கிய கே.பி. கந்தசாமி தி.மு.க. சார்பில் வென்றார். ஆதித்தனாரையும் சேர்த்தால், தமிழின் இரண்டு பெரிய நாளிதழ்களைத் தொடங்கியவர்கள் இதே தொகுதியின் எம்.எல்.ஏ.க்கள். 1996இல் ஜெனிபர் சந்திரன் வென்று மீன்வளத் துறை மந்திரியானார். கடற்கரைச் சமுதாயத்திலிருந்து ஒருவர், அதிலும் ஒரு பெண், மீன்வளத்துக்கே மந்திரி என்பது மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் பெரிய பேச்சு. 2001இலிருந்து 2021வரை நடந்த ஐந்து பொதுத் தேர்தல்களிலும் 2009 டிசம்பர் இடைத்தேர்தலிலும் வென்றவர் அனிதா ராதாகிருஷ்ணன். முதல் இரண்டு தடவை இரட்டை இலை, பிறகு உதயசூரியன். கட்சி மாறியும் தொகுதி மாறாத ஆள் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

சாதியைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டால் பெரியவர்கள் சிரிப்பார்கள். தொகுதியில் எண்ணிக்கையில் பெரிய சமுதாயம் எது என்று பார்த்து, இரண்டு அணியும் அதே சமுதாயத்தில் வேட்பாளர் தேடுவது பெரும்பாலான தேர்தல்களின் நடைமுறை. அதனால் போட்டி இரண்டு கட்சிக்கு நடுவில் நடந்ததே தவிர, கடற்கரைக்காரருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் டெல்லி டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பாகவே இருந்தது. அந்த வகையில் பார்த்தால் 1962இல் டி.டி.கே. வந்தது முழுக்க விதிவிலக்கு. ஆனால் அப்போது ஓட்டே விழவில்லையே!

கடைசிப் பத்து வருஷம்

1998இல் 'கரகாட்டக்காரன்' ராமராஜன் அ.தி.மு.க. வேட்பாளராக வந்தார். எனக்கு அப்போது பத்து வயசு. எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் பார்த்த ஆளை ஜீப்பில் பார்த்த சந்தோஷத்தில் நாங்கள் பின்னாலேயே ஓடினோம். அந்தத் தொகுதியில் அ.தி.மு.க. ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். பதவி ஒரு வருஷம் சொச்சம்தான் நீடித்தது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில், 269க்கு 270 என்று கவிழ்ந்தது. ஆதரவை விலக்கிக்கொண்ட அ.தி.மு.க.வின் பதினெட்டு எம்.பி.க்களில் நம் எம்.பி.யும் ஒருவர். 'என் ஒரு ஓட்டாலே என்ன ஆகப்போகுது' என்று பேசுகிறவர்களிடம் எங்கள் வாத்தியார் அந்தக் கணக்கைச் சொல்லுவார்.

1999இல் தி.மு.க.வின் ஏ.டி.கே. ஜெயசீலன். 2004இல் தி.மு.க.வின் ராதிகா செல்வி. 2003 செப்டம்பரில் சென்னையில் போலீஸ் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்ட வெங்கடேச பண்ணையாரின் மனைவி அவர். அந்தச் சாவின் கோபம் தேரிக்காட்டு ஊர்களில் எப்படிக் கொதித்தது என்று நேரில் பார்த்தவன் நான். அந்தத் தேர்தலில் ஆளுங்கட்சி இங்கே தலையெடுக்கவே இல்லை. 2007இல் ராதிகா செல்வி மத்திய உள்துறை ராஜாங்க மந்திரி ஆனார். போலீஸ் நடவடிக்கையில் கணவரை இழந்தவர் உள்துறையில் உட்கார்ந்தார். கதை எழுதுகிறவர்கள் கூட இப்படி எழுதத் தயங்குவார்கள்.

இதற்கு நடுவே 2003 பிப்ரவரியில் சாத்தான்குளம் சட்டமன்ற இடைத்தேர்தல். அதுவரை வழி தெரியாத மந்திரிகளெல்லாம் வரிசையாக வந்து இறங்கினார்கள். ரோடு வந்தது. ஆளும் அ.தி.மு.க. வென்றது. மந்திரிகள் திரும்பிப் போனார்கள். ஐந்தே வருஷத்தில் அந்தத் தொகுதியே இல்லாமல் போகும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

2001 ஜனத்தொகைக் கணக்கை வைத்துச் செய்த மறுசீரமைப்பு 2008இல் அமலுக்கு வந்தது. சாத்தான்குளம் சட்டமன்றத் தொகுதி நீக்கப்பட்டது. சாத்தான்குளம் ஊர் ஸ்ரீவைகுண்டத்தோடு, உடன்குடி திருச்செந்தூரோடு. நாங்குநேரியும் ராதாபுரமும் திருநெல்வேலி பாராளுமன்றத் தொகுதிக்குப் போயின. மிச்சமிருந்த தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூரோடு வடக்கேயிருந்து ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், கோவில்பட்டியைச் சேர்த்துத் 'தூத்துக்குடி' என்று பெயர் வைத்தார்கள். மாவட்ட எல்லைக்கும் தொகுதி எல்லைக்கும் இருந்த முரண்பாடு தீர்ந்தது, நிர்வாகத்துக்கு வசதி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளாத்திகுளத்துக் கரிசல் காட்டுக்காரரின் தண்ணீர்க் கவலை வேறு, தேரிக்காட்டுக்காரரின் கவலை வேறு. ஒரே கால்வாயின் நடுப்பகுதிக்கு ஒரு எம்.பி., வால்பகுதிக்கு இன்னொரு எம்.பி. என்று ஆகிவிட்டது.

கூடங்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் 1988 நவம்பரில் அணுமின் நிலைய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது, அந்த ஊர் திருச்செந்தூர் தொகுதியில் இருந்தது. 2002இல் கான்கிரீட் போடத் தொடங்கியபோதும் அப்படியே. 2011இலும் 2012இலும் இடிந்தகரையில் ஆயிரக்கணக்கான மீனவப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்தபோது, அது திருநெல்வேலித் தொகுதி. ஒரே கடற்கரை, ஒரே வலை, ஒரே பயம். பக்கத்துப் பெரியதாழைக்காரர் ஓட்டுக் கேட்க வருகிறவரிடம் அதைப் பற்றிக் கேட்டால், "அது நம்ம தொகுதி இல்லையே" என்று சொல்ல வழி கிடைத்துவிட்டது.

தண்ணீருக்கு வருவோம். தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டத்துக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 369 கோடி ரூபாய். கன்னடியன் கால்வாயிலிருந்து வெள்ள நீரை மட்டும் பிரித்து, சுமார் 75 கிலோமீட்டர் புதுக் கால்வாயில் நாங்குநேரி, திசையன்விளை வழியாகச் சாத்தான்குளம் பக்கம் எம்.எல். தேரிவரை கொண்டுபோவது திட்டம். நான்கு கட்டமாகப் பிரித்தார்கள். முதல் இரண்டு கட்டம் வேகமாக நடந்தது. மூன்றாவதும் நான்காவதும், அதாவது நம்ம வால்பகுதி, வருஷக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. நிலமெடுப்பு வழக்கு, ஆட்சி மாற்றம், நிதி இல்லை என்று ஒவ்வொரு காரணம். படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் திசையன்விளைப் பக்கம் பாதியில் நின்ற அந்தக் கால்வாயை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். உள்ளே உடைமரம் முளைத்து ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. 2025 பிப்ரவரியில்தான் முதலமைச்சர் ஸ்டாலின் திட்டத்தை அர்ப்பணித்தார். செலவு ஆயிரம் கோடியைத் தாண்டியிருந்தது. பழைய ஒற்றைத் தொகுதி இருந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்குமா? சட்டப்படி பார்த்தால் இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மணிமுத்தாறு தொடங்கி முடிந்த வேகத்தையும் இந்தப் பதினாறு வருஷத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கேட்க ஒரே ஆள் இருந்த காலத்துக்கும் இல்லாத காலத்துக்கும் வித்தியாசம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. நண்பர்கள் மறுக்கலாம். சங்கக் கூட்டத்தில் பேசிக்கொள்வோம்.

2001இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 84ஆவது திருத்தம், மாநிலங்களுக்குரிய பாராளுமன்ற இடங்களின் எண்ணிக்கையை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் ஜனத்தொகைக் கணக்குவரை தொடக்கூடாது என்று வைத்தது. தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் என்பது பற்றித்தான் எங்கும் பேச்சு. சாத்தான்குளத்தின் கடைசிக் குளம் எந்தக் கோட்டுக்குள் விழும் என்று கேட்க நம் ஊரிலிருந்து யாராவது போக வேண்டும். 2008க்கு முன் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தபோது எங்கள் ஊரிலிருந்து ஒருவரும் போகவில்லை. போக வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஒரு வேண்டுகோள். 1962இல் ஓட்டுச் சாவடிக்குப் போய், ஒரு சீட்டு மட்டும் வாங்கித் திரும்பிய பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள். மணிமுத்தாறு வசூலுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த ரசீது, பழைய தேர்தல் நோட்டீஸ், கோசல்ராம் கூட்டத்துப் படம் எது கிடைத்தாலும் பழைய மாணவர் சங்கச் செயலாளரிடம் கொடுத்தால், நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தந்துவிடுவார்கள். கல்லூரி நூலகத்தில் அதற்கென்று ஒரு அலமாரி ஒதுக்கித் தருவதாக நூலகர் சொல்லியிருக்கிறார்.